சிங்களமும் தமிழும் கலந்த களஞ்சியத்தில் "ஒரே மொழி" விதி கொண்டுவரலாமா?

கேள்வி
பதிந்தவர்: பேலியகொடைக் களஞ்சியம்

அனைவருக்கும் வணக்கம். புறக்கோட்டையில் எங்கள் குடும்பத்துக்கு மளிகைப் பொருள் மொத்த வியாபாரம் இருக்கிறது. பொருள்களை இறக்கி வைத்துக் கடைகளுக்கு அனுப்பும் களஞ்சியம் பேலியகொடையில் உள்ளது. அதன் நிர்வாகத்தை அண்மையில் தந்தையாரிடமிருந்து பொறுப்பேற்றிருக்கிறேன். ஊழியர்கள் ஐம்பதுக்குச் சற்று மேல். சுமை ஏற்றி இறக்குவோரில் பெரும்பாலானோர் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்துத் தமிழ் இளைஞர்கள். லொறிச் சாரதிகளும் அவர்களுடைய உதவியாளர்களும் கேகாலை, குருநாகல் மாவட்டங்களைச் சேர்ந்த சிங்களவர்கள். பொருள் பதிவையும் விநியோகப் பட்டியலையும் பார்ப்போரில் புத்தளத்து முஸ்லிம் சகோதரர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு மொழியும் சரளம். கணக்குப் பிரிவு ஆங்கிலத்தில் நடக்கிறது.

அன்றைய வேலை விவரம் காலையில் சிங்களத்தில் சொல்லப்படும். அதன்பின் இரு மொழியும் தெரிந்த மேற்பார்வையாளர் ஒருவர் அதைத் தமிழ் ஊழியர்களுக்குச் சொல்வார். இந்த ஏற்பாடு தந்தையார் காலத்திலிருந்தே இருந்து வருகிறது. ஆனால் அண்மையில் நடந்த இரண்டு விடயங்கள் என்னை யோசிக்க வைத்தன. பூச்சிநாசினிப் பெட்டிகளைக் கோதுமை மா, சீனி அடுக்கியிருக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது என்ற அறிவுறுத்தல் தமிழ்க் குழுவுக்கு அரைகுறையாகப் போய்ச் சேர்ந்ததில், ஒரு பெட்டி கசிந்து மா மூட்டைகளைக் கழிக்க வேண்டியதாயிற்று. அடுத்தது, சொல்லாமல் பல நாள் வேலைக்கு வராத ஓர் இளைஞருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தோம். கையொப்பமிட்டு வாங்கிக்கொண்டவர், பிறகு அதே காரணத்துக்காக விசாரித்தபோது, கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்றே தனக்குத் தெரியாது என்றார். கடிதம் சிங்களத்தில் இருந்தது.

கொழும்பில் வேலை செய்ய வந்தவர்கள் எப்படியும் சிங்களம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்பதால், வேலை நேரத்தில் சிங்களம் மட்டுமே பேச வேண்டும் என்று ஒரு விதி போட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும் என்று எங்கள் கணக்காளர் ஆலோசனை கூறுகிறார். நானும் தமிழன்தான் என்பதால் இதில் பக்கச்சார்பு எதுவும் இல்லை, ஒழுங்குக்காகவே யோசிக்கிறேன். இப்படி விதி போடச் சட்டத்தில் இடமிருக்கிறதா? போட்டால் பலிக்குமா? இல்லையென்றால் வேறு எந்த வழியில் இதைச் சீர்செய்யலாம்? இதுபோன்ற வேலைத்தளங்களை நடத்திய அனுபவமுள்ளவர்களின் பதிலை எதிர்பார்க்கிறேன்.


மறுமொழி
பதிந்தவர்: பழைய சோனகத் தெரு வியாபாரி

தம்பி, விதி போடுவதற்கு முன் ஒரு காலைப்பொழுது புறக்கோட்டையில் நின்று பாருங்கள். வண்டில் தள்ளும் நாட்டாமி சிங்களத்தில் வழி கேட்பார், முதலாளி தமிழில் விலை சொல்வார், லொறிக்காரர் இரண்டையும் கலந்து சண்டை பிடிப்பார். மாத்தறையிலிருந்து கொள்வனவுக்கு வருபவருக்குச் சிங்களம், மட்டக்களப்பிலிருந்து வருபவருக்குத் தமிழ் என்று கடைப்பையன் ஆளைப் பார்த்தே மொழியை மாற்றிக்கொள்வான். எவரும் விதி போட்டு இதை உண்டாக்கவில்லை, விதி போட்டு நிறுத்தவும் முடியாது. உங்கள் களஞ்சியத்தில் நீங்கள் சிங்களம் மட்டும் என்று அறிவித்தால், நீங்கள் உள்ளே வரும்போது எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். விதியால் கிடைக்கப்போவது அந்த மௌனம் மட்டும்தான்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. களஞ்சியத்தின் பாதிப் பேருக்கு வரும் எல்லாச் சொல்லும் ஒரே ஒரு மனிதரின் வாய் வழியாக வருகிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது, எதைச் சுருக்குவது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. யாருக்கு மேலதிக நேர வேலை, யாருக்கு லீவு என்பதும் நாளடைவில் அவர் கைக்கே போய்விடும். ஊழியர்கள் உங்களிடம் முறையிட நினைத்தாலும் அவர் மூலமாகத்தான் முறையிட வேண்டும். அவரைப் பற்றிய முறைப்பாடாக இருந்தாலும் அப்படியே. இரும்புச் சாமான் வியாபாரத்தில் எனக்குத் தெரிந்த பல கடைகளில் களவு, கோள், வீண்பகை எல்லாம் இந்த ஒற்றை வாசலில்தான் முளைத்தன. ஆகவே முதலில் இரண்டாவது வாசல் ஒன்றைத் திறந்துவிடுங்கள். சிங்களம் புரியக்கூடிய ஒருவரைத் தமிழ்க் குழுவிலிருந்தும், தமிழ் புரியக்கூடிய ஒருவரைச் சாரதிகளிலிருந்தும் தெரிவு செய்து, காலை விவரத்தை அவர்களும் கூடவே கேட்கும்படி செய்யுங்கள். இருவர் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தாலே மூன்றாமவர் கவனமாகச் சொல்வார். நீங்களே தமிழராக இருந்துகொண்டு தமிழ் ஊழியருக்கு ஏன் இன்னொருவர் மூலம் பேச வேண்டும் என்பதும் எனக்கு விளங்கவில்லை. காலையில் ஐந்து நிமிடம் நீங்களே இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டுப் போகலாமே.

அடுத்தது, சொல்ல வேண்டிய தேவையையே குறைத்துவிடுவது. 138 என்று கண்டால் மஹரகம பக்கம் போகும் பஸ் என்று கொழும்பில் தமிழனுக்கும் தெரியும், சிங்களவனுக்கும் தெரியும். பெயர்ப்பலகையை எவரும் படிப்பதில்லை. அதுபோல உங்கள் அடுக்குகளுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த இலக்கங்கள் இட்டு, விநியோகப் பட்டியலிலும் அதே இலக்கத்தை அச்சிடுங்கள். பூச்சிநாசினி, சலவைப் பொருள் வைக்கும் பகுதிக்குத் தரையிலேயே மஞ்சள் பட்டை அடித்து, சாப்பாட்டுப் பொருள் அந்தப் பட்டைக்குள் வரவே கூடாது என்று வைத்துவிடுங்கள். சர்வதேசப் பாதுகாப்புக் குறியீடுகளில் சிவப்பு என்றால் தடை, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, நீலம் என்றால் கட்டாயம் செய்ய வேண்டியது, பச்சை என்றால் பாதுகாப்பான வழி. அந்தப் படங்களைப் பார்த்து விளங்கிக்கொள்ள எந்த மொழியும் தேவைப்படாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலையைச் சொல்லிவிட்டு "விளங்கியதா?" என்று கேட்காதீர்கள். சிங்களம் தெரியாத பையனும் "ஹரி, மாத்தையா" என்றுதான் சொல்வான், வேறென்ன சொல்வான்? "எங்கே வைக்கப் போகிறாய், காட்டு" என்று கேளுங்கள். அவன் நடந்துபோய்க் கை காட்டும் இடம் சரியாக இருந்தால் விளங்கியிருக்கிறது.


மறுமொழி
பதிந்தவர்: தொழிற்சட்டம் படித்தவள்

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அந்தப் பகுதிக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியதும், 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் தமிழையும் அரசகரும மொழியாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் சேர்த்ததும், 1988இல் பதினாறாம் திருத்தம் நிர்வாகத்திலும் நீதிமன்றங்களிலும் இரு மொழிகளின் பயன்பாட்டை விரித்து எழுதியதும் பலரும் அறிந்தவை. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அரசகரும மொழிகள் ஆணைக்குழு உருவானது. 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேர்பவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்தது. இவை அனைத்தும் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. 126ஆம் உறுப்புரையின் கீழான அடிப்படை உரிமை மனுவும் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராகவே தாக்கல் செய்யப்படுகிறது. ஆகவே ஒரு தனியார் களஞ்சியத்தின் மொழி விதியை எதிர்த்து ஊழியர் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போவது எளிதல்ல. உங்கள் கணக்காளர் இந்த அளவில் நின்றுவிட்டால் அவர் சொல்வது சரி போலவே தோன்றும்.

ஆனால் தனியார் தொழில்தருநருக்கு மொழிப் பிரச்சினை வந்து சேரும் இடம் தொழில் நியாய சபை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அந்தச் சபையிடம் எதிர்பார்ப்பது நீதியும் நியாயமும் ஆன தீர்ப்பு. காகிதத்தில் கையொப்பம் இருக்கிறது என்பதோடு அங்கே விடயம் முடிந்துவிடாது. எச்சரித்தோம், விளக்கம் கேட்டோம், திருந்தவில்லை என்று நீங்கள் வரிசையாக ஆவணங்களை வைக்கும்போது, இவற்றுள் எதையாவது அந்த ஊழியரால் வாசிக்க முடிந்ததா என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கும் முதல் கேள்வியிலேயே வரிசை ஆட்டம் காணும். இந்த நாட்டில் சபையின் மொழிக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. வழக்கின் தரப்பினர் தமது விண்ணப்பத்தைச் சிங்களத்திலோ தமிழிலோ கொடுக்கலாம் என்றும், நடவடிக்கை நடக்கும் மொழி தெரியாதவருக்கு அரசு மொழிபெயர்ப்பு வழங்க வேண்டும் என்றும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. அதில் வரும் நீதிமன்றம் என்பது கைத்தொழில் பிணக்குகளைத் தீர்க்கும் நியாய சபைகளையும் உள்ளடக்கும். அதாவது உங்கள் ஊழியர் கொழும்பில் இருந்துகொண்டே தமிழில் விண்ணப்பம் கொடுப்பார். நீங்கள் மட்டும் சிங்களக் கடிதத்தோடு நிற்பீர்கள்.

இன்னும் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. எழுத்தில் என்பதன் நோக்கமே ஊழியர் அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என்றே நான் வாசிக்கிறேன். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான அனுமதியோ வேண்டும். ஒழுக்காற்று நடவடிக்கையாக நிறுத்தினால் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புரியாத மொழியில் பெற்ற சம்மதத்தையும், புரியாத மொழியில் கொடுத்த காரணத்தையும் நம்பி நிற்பது ஆபத்தானது.

எனவே நியமனக் கடிதம், சம்பளத் துண்டின் தலைப்புகள், லீவு விதிகள், எச்சரிக்கைக் கடிதம், குற்றச்சாட்டுப் பத்திரம், பாதுகாப்பு அறிவுறுத்தல் ஆகியவற்றை ஊழியர் வாசிக்கும் மொழியிலேயே கொடுங்கள். எந்த மொழி என்பதை இனத்தைப் பார்த்து நீங்களாகத் தீர்மானிக்காமல், வேலைக்குச் சேரும்போதே அவரிடம் கேட்டு நியமனப் படிவத்தில் பதிந்துகொள்ளுங்கள். சிங்கள வழியில் படித்த தமிழரும் முஸ்லிமும் கொழும்பில் எத்தனையோ பேர். உள்ளக விசாரணை நடத்தும்போது ஊழியர் தம் மொழியில் பதில் சொல்ல வேண்டும், மொழிபெயர்ப்பவர் முறைப்பாடு செய்த மேற்பார்வையாளராக இருக்கவே கூடாது. இந்தக் கடைசி விடயத்தைப் பல நிறுவனங்கள் சர்வ சாதாரணமாக மீறுவதைப் பார்த்திருக்கிறேன்.

வாய்ப்பேச்சை மட்டும் கட்டுப்படுத்தும் விதி சட்டப்படி செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், அதை மீறினார் என்று ஒருவரைத் தண்டித்துவிட்டு நியாய சபையில் அதற்கு விளக்கம் சொல்ல நான் விரும்பமாட்டேன்.


மறுமொழி
பதிந்தவர்: பேலியகொடைக் களஞ்சியம்

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த இளைஞரின் கடிதத்தை மீளப் பெற்று, தமிழில் புதிதாகக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அடுக்கு இலக்க யோசனையும் நன்று. எங்கள் கணினிப் பட்டியலில் அதைச் சேர்ப்பது கடினமல்ல. ஆனால் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. நாளெல்லாம் நான் களஞ்சியத்தில் நிற்பதில்லை. லொறி வந்து நிற்கும் நேரத்தில் சாரதிக்கும் சுமை இறக்குபவருக்கும் இடையே பேச்சு நடந்தாக வேண்டும். அங்கே ஒரு பொது மொழி இல்லாமல் எப்படிச் சமாளிப்பது? பயிற்சி கொடுக்கலாம் என்றால் எதிலிருந்து தொடங்குவது? இன்னொன்று, வட்ஸ்அப்பில் இப்போது சிங்களக் குழு, தமிழ்க் குழு என்று இரண்டு வைத்திருக்கிறோம். அது சரிதானா?


மறுமொழி
பதிந்தவர்: இரண்டாம் மொழி ஆசிரியர்

இரண்டு மொழிகளையும் பெரியவர்களுக்குக் கற்பித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். சிங்களமும் தமிழும் வேறு வேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்தவை என்றாலும் வாக்கியம் அமையும் விதம் பெரும்பாலும் ஒன்றே. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். இதனால் இரு தரப்பினரும் ஆங்கிலத்தைவிட ஒருவர் மொழியை மற்றவர் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு வேறுபாட்டைத் திட்டமிடும்போதே மனத்தில் வைக்க வேண்டும். பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கேற்ப மாறுவதில்லை. "மம யனவா", "எயா யனவா" என்று நானும் அவரும் ஒரே "யனவா"வில் அடங்கிவிடுவோம். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறார் என்று ஒவ்வொன்றும் வேறு. எனவே தமிழ் இளைஞர் சில மாதங்களில் சமாளிக்கத் தொடங்கும் இடத்தில் சிங்களச் சாரதி இன்னும் தடுமாறிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்து அவருக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டாமல் அவருக்குக் கூடுதல் காலம் கொடுக்க வேண்டும்.

களஞ்சிய வேலைக்கு எழுத்திலிருந்து தொடங்க வேண்டாம். அகரவரிசையில் தொடங்கும் வகுப்புகளுக்கு முதல் வாரம் இருபது பேர் வருவார்கள், பிறகு நான்கு பேர் மிஞ்சுவார்கள். உங்கள் லொறித் தரிப்பிடத்தில் உண்மையில் பேசப்படும் வாக்கியங்களைப் பட்டியலிடுங்கள். பின்னால் எடு, நிறுத்து, இன்னும் கொஞ்சம், இது உடையும், எத்தனை பெட்டி, ஒன்று குறைகிறது, கையொப்பம் எங்கே என்பன போன்ற நூறு வாக்கியங்களுக்குள் அந்த இடத்தின் உரையாடலில் பெரும்பகுதி அடங்கிவிடும். ஒரு சிங்களவரையும் ஒரு தமிழரையும் சோடியாக நிறுத்தி, அவரவர் மொழியை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் கற்கும் ஏற்பாட்டில் கற்பவர் தாழ்ந்தவராகவும் கற்கத் தேவையில்லாதவர் உயர்ந்தவராகவும் ஆகிவிடுகிறார்கள்.

மரியாதைச் சொற்களில் தனிக் கவனம் வேண்டும். வேலைத்தளத்தில் காதில் விழுந்ததைக் கொண்டே சிங்களம் கற்ற தமிழ் இளைஞர்கள் "யன்ன" என்ற மரியாதையான ஏவலுக்கு முன்பே "பலயன்" என்ற விரட்டும் ஏவலைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்களை நோக்கி அதிகம் சொல்லப்பட்டது அதுதான். அதையே வயதில் மூத்த சாரதியிடம் சொன்னால் அன்று கைகலப்புத்தான். மறுபக்கமும் இதே கதை. தமிழ் கற்க விரும்பும் சிங்களவருக்கு முதலில் கிடைப்பது "டா" சேர்ந்த தமிழ். ஆகையால் பயிற்சியின் முதல் நாளிலேயே இரு மொழியிலும் மரியாதையான வடிவத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள். மற்றதை அவர்கள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள்.

முறையான வகுப்பு வேண்டுமானால் அகலவத்தையில் உள்ள தேசிய மொழிக் கல்வி மற்றும் பயிற்சி நிறுவகமும், இராஜகிரியவில் பாஷா மந்திரயவில் இயங்கும் அரசகரும மொழிகள் திணைக்களமும் இத்துறைக்கென்றே இருப்பவை. நேரில் விசாரித்துப் பாருங்கள். எங்கே படித்தாலும் வகுப்பு சம்பள நேரத்துக்குள் நடக்க வேண்டும். எட்டு மணி நேரம் மூட்டை சுமந்தவரை மாலையில் வாங்கில் உட்கார வைத்தால் அவர் உறங்குவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

எழுத்து அறிவித்தல்களைப் பற்றி ஒரு சொல். இரு மொழியிலும் எழுதும் நடைக்கும் பேசும் நடைக்கும் இடைவெளி பெரிது. அலுவலகச் சிங்களத்தில் எழுதிய அறிவித்தல் சிங்களச் சாரதிக்கே பாதிதான் விளங்கும். திணைக்களத் தமிழில் எழுதியதும் அப்படியே. குறுகிய, எளிய வாக்கியங்களில் எழுதுங்கள். கைபேசியில் கிடைக்கும் இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டிவிட வேண்டாம். ஒட்டுவதற்கு முன் அந்த மொழியை வாசிக்கும் ஊழியர் ஒருவர் உரத்து வாசித்துப் பார்க்கட்டும். கொழும்பு நகரெங்கும் எழுத்து சிதைந்து தொங்கும் தமிழ்ப் பலகைகள், தமிழ் தெரிந்த ஒருவருடைய கண்ணும் படாமல் அச்சுக்குப் போனவைதாமே.

வட்ஸ்அப் குழுக்களை ஒன்றாக்கிவிடுவது நல்லது. தனித்தனியாக இருக்கும்வரை மற்றக் குழுவுக்கு ஏதோ கூடுதலாகச் சொல்லப்படுகிறது என்ற சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். ஒரே குழுவில், ஒவ்வொரு செய்தியையும் இரு மொழியிலும் குரல் பதிவாக, அடுத்தடுத்துப் போடுங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவருக்கும் அது போய்ச் சேரும், வேண்டியபோது திரும்பவும் கேட்கலாம்.


மறுமொழி
பதிந்தவர்: மலையகத்திலிருந்து வந்தவன்

மேலே பழைய சோனகத் தெரு ஐயா, இடையில் நின்று மொழிபெயர்ப்பவரின் அதிகாரத்தைப் பற்றி எழுதியிருந்தார். அவர் சொல்வது நடப்பதுதான். ஆனாலும் அந்த இடத்தில் நிற்பவனின் பக்கத்தையும் நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருதானையில் ஒரு விநியோக நிறுவனத்தில் அந்த வேலையைத்தான் நான் செய்கிறேன்.

என் பதவி மேற்பார்வையாளர். மொழிபெயர்ப்பு என் வேலை விவரத்தில் எங்கும் எழுதப்படவில்லை, அதற்கென்று ஒரு சதமும் கொடுப்பனவு இல்லை. ஆனால் முகாமையாளர் ஊழியரைத் திட்டினால் அந்தத் திட்டு என் வாயிலிருந்துதான் வருகிறது. வாங்கிக்கொள்பவன் என்னைத்தான் முறைத்துப் பார்க்கிறான். ஊழியர் கோபத்தில் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே முகாமையாளரிடம் சொல்ல முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு மென்மையாக்கிச் சொல்கிறேன். சில நேரம் அறிவுறுத்தல் குறைந்து போவது சோம்பலால் அல்ல ஐயா. என்னுடைய வேலையையும் முடித்துக்கொண்டு, லொறி வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கும்போது, ஐந்து நிமிடம் சொன்னதை ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டியிருப்பதால்தான். உங்கள் மா மூட்டை விடயத்தில் அந்த மேற்பார்வையாளரிடம் பொறுமையாக விசாரித்துப் பாருங்கள். இரண்டாவது ஆளை நியமிப்பது நல்ல யோசனைதான். அதோடு மொழிபெயர்ப்பை வேலையாக ஏற்றுக்கொண்டு, அதற்கு நேரமும் கொடுப்பனவும் கொடுங்கள். அரச சேவையில் மொழித் தேர்ச்சியைத் தகைமையாகக் கணக்கெடுக்கும்போது தனியார் துறையில் அதை இனாமாக வாங்கிக்கொள்வது நியாயமில்லை.

மற்றது, அந்தச் சிங்களம் மட்டும் என்ற விதி. நீங்கள் ஒழுங்குக்காகவே யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நான் நம்புகிறேன். ஆனால் அந்த விதியைச் சுவரில் வாசிக்கும் தமிழனின் காதில் அது வேலை ஒழுங்காக விழாது. 1956ஐப் பார்க்காத தலைமுறைதான் நாங்கள். ஆனாலும் 1983க்குப் பிறகு பஸ்ஸில் தமிழில் பேசத் தயங்கிய பெற்றோரின் வீட்டில் வளர்ந்தவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பின் முஸ்லிம் நண்பர்களும் அதே போலக் குரலைத் தாழ்த்திப் பேசியதைக் கொழும்பில் பார்த்திருக்கிறேன். இப்படி இருக்க, ஒரு தமிழ் முதலாளியின் களஞ்சியத்திலேயே தமிழ் பேசக்கூடாது என்றால் பையன்கள் ஹட்டனுக்கு பஸ் ஏறிவிடுவார்கள், உங்களுக்கு ஆள் கிடைக்காது. அதே நேரத்தில் நாங்கள் சிங்களம் கற்க மறுப்பவர்களும் அல்ல. கற்றால்தான் சாரதி வேலைக்கோ மேற்பார்வையாளர் பதவிக்கோ போகலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டாயம் என்று சொல்லாமல், கற்றவருக்கு அடுத்த படி இருக்கிறது என்று காட்டினால் போதும். அந்தப் படி தமிழ் கற்ற சிங்களவருக்கும் இருக்க வேண்டும்.


மறுமொழி
பதிந்தவர்: பழைய சோனகத் தெரு வியாபாரி

மருதானைத் தம்பி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். இடையில் நிற்பவருக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும். பணம் கொடுத்தாலும் ஒருவரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பதில் மாற்றமில்லை; அவர் காய்ச்சல் என்று படுத்துவிட்டால் அன்றைக்குக் களஞ்சியமே ஊமையாகிவிடும்.


மறுமொழி
பதிந்தவர்: பேலியகொடைக் களஞ்சியம்

அனைவருடைய பதிலையும் கணக்காளரையும் உட்கார வைத்து வாசித்தேன். விதி யோசனையைக் கைவிட்டுவிட்டோம். மேற்பார்வையாளரிடம் விசாரித்ததில், அன்று மூன்று லொறிகள் ஒன்றாக வந்து நின்றதாகவும் பூச்சிநாசினி பற்றிய பகுதியைப் பிறகு சொல்லலாம் என்று விட்டதாகவும் கூறினார். அவருக்கும், தமிழ்க் குழுவிலிருந்து தெரிவு செய்யும் இன்னொருவருக்கும் மாதாந்த மொழிக் கொடுப்பனவு வழங்குவோம். தரைப் பட்டையும் அடுக்கு இலக்கமும் அடுத்த கணக்கெடுப்போடு வந்துவிடும். வட்ஸ்அப் குழுக்களை ஒன்றாக்கியதில் முதல் நாளே சாரதிகள் சிலர் தமிழ்க் குரல் பதிவைக் கேட்டுத் திருத்தம் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சட்டம் படித்த சகோதரியிடம் ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. பழைய ஊழியர்கள் எல்லோருடைய நியமனக் கடிதங்களும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவற்றை மாற்றி எழுத வேண்டுமா?


மறுமொழி
பதிந்தவர்: தொழிற்சட்டம் படித்தவள்

மூலக் கடிதத்தை மாற்ற வேண்டாம். புதிதாக எழுதினால் நிபந்தனைகளை மாற்றுகிறீர்கள் என்ற அச்சம் ஊழியர்களிடையே எழும். அதே கடிதத்தின் சிங்கள அல்லது தமிழ் மொழிபெயர்ப்பை, நிபந்தனைகளில் எந்த மாற்றமும் இல்லை என்ற ஒரு வரியோடு இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அவரவர் மொழியிலேயே கையொப்பம் வாங்குங்கள். மொழிபெயர்ப்புக்கும் மூலத்துக்கும் முரண்பாடு வந்தால் எது செல்லும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஆங்கில மூலமே செல்லும் என்று எழுதுகின்றன. வாசிக்க முடியாத பிரதியே இறுதியானது என்று ஊழியரிடம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை என்பதால், நான் வரைந்து கொடுக்கும் கடிதங்களில் ஐயம் எழும்போது ஊழியருக்குச் சாதகமான பொருளே கொள்ளப்படும் என்று எழுதுவேன். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம் என்ற வரிகளை மொழிபெயர்ப்பவர் கவனமாகச் சரிபார்க்கட்டும்; எவருடைய பங்கு எவர் கையிலிருந்து போகிறது என்பது அந்த இடத்தில் மாறிவிட்டால் சம்பள நாளில் உங்கள் வாசலில் வரிசை நிற்கும்.